நிரலக முரண்களும் கட்டுமான உள்ளமைவும்: தமிழ்க் கணினி ஆய்வுக் கருவிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தமிழ் ஆய்வில் கணினிக் கருவிகளின் பயன்பாடு பெருகியுள்ளது. சொல்லடைவு, தொடரடைவு, எழுத்துணரி, எந்திர மொழிபெயர்ப்பு ஆகிய ஒவ்வொன்றும் பல நிரலகங்களை அடுக்கிக் கட்டப்பட்ட கூறுநிலை மென்பொருளாகும். அந்நிரலகங்களின் பதிப்புகள் ஒன்றோடொன்று முரண்படும்போது கருவி இயங்காமல் நிற்கும். அல்லது, இயங்கிக்கொண்டே பிழையான முடிவைத் தரும். அடையாற்றில் அமைந்துள்ள சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏஐ4பாரத் ஆய்வகம் வெளியிட்ட மொழிபெயர்ப்புக் கருவியையும், தமிழ் உரையைக் கையாளும் பொதுவான பைத்தான் நிரலகங்களையும் சான்றாகக் கொண்டு, இம்முரண்கள் எழும் முறையையும் அவற்றை மேலாளும் நெறிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. கணினிவழிப் பெற்ற எண்ணிக்கையை முடிவாக முன்வைக்கும் ஆய்வேடு, அவ்வெண்ணிக்கையைத் தந்த மென்பொருட் சூழலையும் பதிவுசெய்தல் வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கூறுநிலை மென்பொருள், நிரலகம், சார்பு, பதிப்பு முரண், கட்டுமான உள்ளமைவு, பூட்டுக் கோப்பு, யூனிகோடு, மீள்செய்கை.

1. முன்னுரை

சுவடிகளிலிருந்து நூல்களைப் பதிப்பித்த அறிஞர்கள், தாம் ஒப்புநோக்கிய சுவடிகள் எவை, அவை எவரிடமிருந்து கிடைத்தன என்பனவற்றை முன்னுரையில் குறிப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்ட உ.வே. சாமிநாதையரின் பதிப்புப் பணியில் இந்நெறி சிறப்பாக வெளிப்படுகிறது. அவர் தொகுத்த சுவடிகளும் நூல்களும் இன்று பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. பாடம் வேறுபடும் இடங்களில் எச்சுவடி எப்பாடத்தைத் தருகிறது என்று அறிந்தால்தான் பதிப்பாசிரியரின் முடிவைப் பிறர் சோதித்தறிய முடியும்.

கணினிவழி ஆய்விலும் இதனையொத்த ஒரு நிலை உள்ளது. ஒரு சங்க நூலில் ஒரு சொல் எத்தனை முறை பயின்று வந்துள்ளது என்னும் எண்ணிக்கை, நூலின் பாடத்தை மட்டுமின்றி, அதனை எண்ணிய நிரலையும் அந்நிரல் சார்ந்து நிற்கும் நிரலகங்களின் பதிப்பையும் பொறுத்து அமைகிறது. எனினும், ஆய்வேடுகளில் மூலநூற் பதிப்பைக் குறிப்பதில் காட்டப்படும் கவனம் மென்பொருட் பதிப்பைக் குறிப்பதில் காட்டப்படுவதில்லை. ‘பைத்தான் நிரலைக் கொண்டு கணக்கிடப்பட்டது’ என்னும் ஒரு தொடரோடு நின்றுவிடும் போக்கே மிகுதி. இக்குறிப்பு ஏன் போதாது என்பதைப் பின்வரும் பகுதிகள் விளக்குகின்றன.

2. கூறுநிலை மென்பொருளும் சார்பு வலையும்

ஒரு பெரும்பணியைச் சிறுசிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றையும் தனித்து எழுதிப் பின்னர் இணைத்துக் கட்டப்படுவது கூறுநிலை மென்பொருள் ஆகும். பலருக்கும் பயன்படும் வகையில் எழுதி வைக்கப்பட்ட கூறுகளின் தொகுதியை நிரலகம் என்பர். லைப்ரரி, மென்பொருள் நூலகம் என்னும் பெயர்களும் வழக்கில் உள்ளன. ஒரு நிரல் தன் பணியை முடிக்க மற்றொரு நிரலகத்தை வேண்டி நிற்பது சார்பு எனப்படும்.

ஆய்வாளர் தம் நிரலில் மூன்று நிரலகங்களை மட்டுமே அழைத்திருக்கலாம். ஆனால் அம்மூன்றும் தத்தமக்கு வேண்டிய பிறவற்றை அழைக்கும். அவை வேறு சிலவற்றை அழைக்கும். இவ்வாறு விரியும் வலையில் ஆய்வாளர் பெயரளவில்கூட அறியாத நிரலகங்கள் பல இடம்பெறுகின்றன. முன்னவற்றை நேர்ச்சார்பு என்றும், பின்னவற்றை வழிச்சார்பு என்றும் பகுத்துக்கொள்ளலாம். முரண்களுட் பெரும்பாலானவை வழிச்சார்பில் தோன்றுவதால், அவற்றின் காரணத்தைக் கண்டறிதல் கடினமாகிறது.

ஒவ்வொரு நிரலகமும் பதிப்பெண் தாங்கி வெளிவருகிறது. பொருண்மைப் பதிப்பெண் முறை என்னும் மரபின்படி இவ்வெண் மூன்று உறுப்புகளைக் கொண்டது. முதலுறுப்பு மாறின், பழைய நிரல்கள் இயங்காமற் போகும் அளவிற்கு மாற்றம் நிகழ்ந்துள்ளது என்பது பொருள். இரண்டாம் உறுப்பு மாறின், பழையன நிலைபெறப் புதிய வசதிகள் சேர்ந்துள்ளன என்பது பொருள். மூன்றாம் உறுப்பு மாறின், பிழைகள் மட்டும் திருத்தப்பட்டுள்ளன என்பது பொருள். இது நிரலாசிரியர் தரும் உறுதிமொழியேயன்றி, எந்திரம் சோதித்து வழங்கும் சான்றன்று. எல்லா நிரலகங்களும் இம்மரபைப் பின்பற்றுவதுமில்லை. எடுத்துக்காட்டாக, எண்கணக்கீட்டு நிரலகமான நம்ப்பை, ‘ஃபுளோட்’ என்னும் தன் பழைய மாற்றுப் பெயரை 1.20ஆம் பதிப்பில் வழக்கொழிவுக்கு உரியதென அறிவித்து, 1.24ஆம் பதிப்பில் நீக்கியது. முதலுறுப்பு மாறாமலேயே பழைய நிரல்கள் பல நின்றுபோயின.

3. பதிப்பு முரண் எழும் முறை

ஆய்வாளர் ஒருவரின் நிரல் இரு நிரலகங்களைச் சார்ந்துள்ளது எனக் கொள்வோம். அவ்விரண்டும் நம்ப்பையைச் சார்ந்தவை. முன்னது 1.24க்கு முற்பட்ட பதிப்பையே ஏற்கும், பின்னது 1.26ஐயோ அதற்குப் பிற்பட்டதையோ வேண்டும். இவ்விரு வேண்டுகைகளையும் ஒருங்கே நிறைவுசெய்யும் பதிப்பு எதுவும் இல்லை. மேலே ஆய்வாளரின் நிரல், இடையில் இரு நிரலகங்கள், கீழே பொதுவான ஒரு நிரலகம் என நாற்கோண வடிவில் அமைவதால், இதனை வைரவடிவச் சார்பு என்பர்.

இம்முரணை ஒவ்வொரு நிரல்மொழிச் சூழலும் ஒவ்வொரு வகையில் எதிர்கொள்கிறது. நோடு சூழலில் ஒரே நிரலகத்தின் இரு பதிப்புகள் தனித்தனி அடைவுகளில் உடனிருக்க இயலும். ஜாவா உலகில் மேவன் கருவி, சார்பு வலையில் அண்மையில் உள்ள பதிப்பைத் தேர்கிறது. கிரேடில் கருவி, வேறு கட்டளை இல்லாதபோது, வேண்டப்பட்டவற்றுள் உயர்ந்த பதிப்பைத் தேர்கிறது. கோ மொழி, எல்லா வேண்டுகைகளையும் நிறைவுசெய்யும் மிகக் குறைந்த பதிப்பைக் கொள்கிறது. தமிழ் மொழித்தொழில்நுட்பத்தில் மிகுதியும் பயன்படும் பைத்தானில், ஓர் இயக்கத்தில் ஒரு பெயருக்கு ஒரு பதிப்பே இடம்பெற முடியும். ஆகவே முரண் வெளிப்படும்போது அதனைத் தீர்த்தே ஆகவேண்டும்.

பைத்தானின் நிறுவற் கருவியாகிய பிப், 2020 நவம்பரில் வெளிவந்த 20.3ஆம் பதிப்பு வரை, முதலில் எதிர்ப்பட்ட வேண்டுகையை ஏற்றுப் பின்வருவனவற்றைப் பொருட்படுத்தாது விடுவதாயிருந்தது. நிறுவல் வெற்றிபெற்றதாகத் தோன்றும்; உள்ளே முரண் தங்கியிருக்கும். 20.3 முதல், ஒரு தேர்வு பொருந்தாதபோது பின்வாங்கி வேறு பதிப்பை முயலும் தீர்வி நடைமுறைக்கு வந்தது. பொருந்தும் தொகுதியே இல்லையெனில் அது நிறுவலை நிறுத்திக் காரணத்தை அறிவிக்கும். இத்தீர்வு சிலபோது நெடுநேரம் எடுப்பது கருவியின் குறையன்று. பதிப்புகளின் பொருந்துதொகுதியைக் காண்பது, கணிமைக் கோட்பாட்டில் மிகக் கடினமான வகையைச் சார்ந்த சிக்கல் என்பது டெபியன் பொதிகளை முன்வைத்து ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது.

4. அடையாற்றுச் சான்று: இன்டிக்டிரான்ஸ்2

அடையாற்றை ஒட்டிய சர்தார் பட்டேல் சாலையில் அமைந்துள்ள சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஏஐ4பாரத் ஆய்வகம் இயங்குகிறது. நந்தன் நீலகேணி, ரோகிணி நீலகேணி ஆகியோரின் 36 கோடி ரூபாய் கொடையில் 2022 ஜூலையில் இங்கு நீலகேணி மையம் தொடங்கப்பட்டது. இவ்வாய்வகம் 2023இல் வெளியிட்ட இன்டிக்டிரான்ஸ்2, இந்திய அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளையும் கையாளும் மொழிபெயர்ப்பு மாதிரியாகும். ஏறத்தாழ 23 கோடி இணைவாக்கியங்களைக் கொண்ட தொகுப்பு இதன் பயிற்சிக்கு அடிப்படையாயிற்று. மாதிரி, தரவு, நிரல் ஆகிய மூன்றும் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிடப்பட்டமையால் தமிழ் ஆய்வாளர்க்கு இது பெரும்பயன் தருவதாகும்.

இம்மாதிரி, பேஸ்புக் நிறுவனத்தார் உருவாக்கிய ஃபேர்சீக் என்னும் நிரலகத்தின்மீது பயிற்றப்பட்டது. ஃபேர்சீக்கின் 0.12.2ஆம் பதிப்பு 2022இல் வெளிவந்தது. அதன் பின்னர் பைத்தான் மொழியும் பிப் கருவியும் மாறிவந்துள்ளன. இம்மாற்றங்களால் புதிய கணினி ஒன்றில் ஃபேர்சீக்கை நிறுவ முயல்வோர் மூன்று தடைகளை அடுத்தடுத்துச் சந்திக்க நேர்கிறது.

முதலாவது, நிறுவும் இடம் பற்றியது. டெபியன் 12, உபுண்டு 24.04 ஆகிய இயங்குதளங்கள், தம் உள்ளியக்கத்திற்கு வேண்டிய பைத்தான் தொகுதியில் பயனர் நேரடியாகப் பிப் கொண்டு நிறுவுவதை மறுக்கின்றன. இயங்குதளம் நம்பியிருக்கும் நிரலகத்தைப் பயனர் அறியாது மாற்றிவிடுவதைத் தடுப்பதே இதன் நோக்கமாகும்.

இரண்டாவது, பதிப்பு வேண்டுகை பற்றியது. ஃபேர்சீக், ஹைட்ராவின் 1.1க்கு முற்பட்ட பதிப்பையும், ஒமேகாகான்ஃப் என்னும் உள்ளமைவு நிரலகத்தின் 2.1க்கு முற்பட்ட பதிப்பையும் வேண்டுகிறது. ஒமேகாகான்ஃப் 2.0.6 தன் சார்பை அறிவிக்கும் வரியில், பைத்தானின் பதிப்பெண் இலக்கணத்திற்கு ஒவ்வாத ஒரு குறியீடு உள்ளது. ‘5.1ஐ விடக் கூடியது அல்லது சமமானது’ என்னும் வேண்டுகையின் இறுதியில் ஓர் உடுக்குறி சேர்ந்துள்ளமையே அப்பிழை. பிப் இதனை நெடுங்காலம் பொறுத்துக்கொண்டது. 2024 ஜூனில் வெளிவந்த 24.1ஆம் பதிப்பு முதல் இத்தகைய பொதிகளை ஏற்க மறுக்கிறது. ஃபேர்சீக்கிலோ ஒமேகாகான்ஃபிலோ ஓர் எழுத்தும் மாறவில்லை. நிறுவும் கருவி இலக்கணத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கத் தொடங்கியதே முரணுக்குக் காரணமாயிற்று.

மூன்றாவது, மொழியின் பதிப்பு பற்றியது. பைத்தானில் தரவு வகுப்பு ஒன்றன் உறுப்புக்கு மாறத்தக்க பொருளை இயல்மதிப்பாக வைத்தல் கூடாது என்பது விதி. 3.10 வரை இவ்விதி பட்டியல், அகராதி, கணம் ஆகிய மூன்று வகைகளையே சோதித்தது. 2022 அக்டோபரில் வெளிவந்த 3.11இல் இச்சோதனை விரிவடைந்தது. ஃபேர்சீக்கின் உள்ளமைவு வகுப்புகள் இவ்விரிந்த விதிக்கு மாறாக இருந்தமையால், நிறுவல் முடிந்த பின்னரும் 3.11இல் நிரலகத்தை அழைத்தவுடன் பிழையறிவிப்புத் தோன்றுகிறது. உபுண்டு 24.04 உடன் வருவது பைத்தான் 3.12 என்பது இங்குக் கருதத்தக்கது.

இம்மூன்று தடைகளும் ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றன. மாறாது வைக்கப்பட்ட நிரலும் காலப்போக்கில் இயங்காமற் போகும். ஏனெனில் அதனைச் சூழ்ந்துள்ளவை மாறிக்கொண்டே இருக்கின்றன. இன்டிக்டிரான்ஸ்2இன் வெளியீட்டாளர்கள் தனிச் சூழலை உருவாக்கித் தரும் நிறுவல் நிரலை உடன்வைத்ததும், ஃபேர்சீக்கைச் சாராது இயங்கும் வேறு வடிவில் மாதிரியை வெளியிட்டதும் இச்சிக்கலுக்கான இருவேறு விடைகள் ஆகும். முன்னது பழைய சூழலைக் காக்கும் வழி. பின்னது சார்பையே மாற்றும் வழி. தனி ஆய்வாளர்க்குப் பெரும்பாலும் எட்டக்கூடியது முன்னதே.

5. கட்டுமான உள்ளமைவு: ஒரே பதிப்பு, வேறு கட்டு

பதிப்பெண் ஒன்றாயிருந்தும் இரு கணினிகளில் ஒரு நிரலகம் வேறுபட்டு இயங்குவதுண்டு. மூலநிரலை இயங்குநிலைக் கோப்பாக மாற்றுவது கட்டுதல் எனப்படும். அவ்வமயம் எவ்வெவ் வசதிகளைச் சேர்ப்பது, எவற்றை விடுவது என்று தரும் தெரிவுகளின் தொகுதியே கட்டுமான உள்ளமைவு. இதன் தாக்கத்தைத் தமிழ் உரை சார்ந்த இரு சான்றுகளால் விளக்கலாம்.

பைத்தான் 2இல் யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் அளவு, கட்டும்போது தெரிவுசெய்யப்பட்டது. குறுகிய கட்டில் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட்டுகள். அகன்ற கட்டில் நான்கு. முதல் 65,536 இடங்களுக்கு அப்பாற்பட்ட குறியீடு ஒன்றைக் குறுகிய கட்டு இரண்டு எனவும், அகன்ற கட்டு ஒன்று எனவும் எண்ணியது. ஒருவகைக் கட்டுக்கென ஆக்கப்பட்ட சி மொழி நிரலகம் மற்ற வகையில் ஏற்றப்படாமல் நின்றது. 2012இல் வெளிவந்த பைத்தான் 3.3 இவ்வேறுபாட்டையே நீக்கிவிட்டது. முரணை மேலாளுவதைவிட முரணுக்கு இடமான தெரிவை அகற்றுவது மேலானது என்பதற்கு இது தக்க சான்று.

இரண்டாவது சான்று, படங்களைக் கையாளும் பில்லோ நிரலகம். தமிழ் எழுத்துணரியைப் பயிற்றுவிக்க, தமிழ்ச் சொற்களைப் பலவகை எழுத்துருக்களில் படமாக்கித் தரவு உருவாக்குவது வழக்கம். எகர, ஏகார, ஐகார உயிர்மெய்களின் குறி, சேமிப்பில் மெய்யை அடுத்து நின்றாலும் காட்சியில் மெய்க்கு முன்னர் வரவேண்டும். ஒகர ஓகாரக் குறிகள் மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கவேண்டும். இவ்வடிவமைப்பைப் பில்லோ தானே செய்வதில்லை. ராக்ம் என்னும் துணை நிரலகத்திடம் ஒப்படைக்கிறது. அத்துணை இல்லாத கட்டில், எளிய வரிசை முறைக்குப் பில்லோ இயல்பாக மாறிக்கொள்ளும். அப்போது நிரல் நிற்பதில்லை. குறிகள் இடம்மாறிய பிழையான தமிழ்ப் படங்கள் ஆயிரக்கணக்கில் உருவாகும். அவற்றால் பயிற்றப்பட்ட எழுத்துணரி தாழ்ந்த துல்லியம் காட்டினால், ஆய்வாளர் குறையைத் தம் மாதிரியிலோ எழுத்துருவிலோ தேடிக்கொண்டிருப்பார். பில்லோவின் வசதிச் சோதனைக் கட்டளையை ஒருமுறை இயக்கி, ராக்ம் உள்ளதா என்று முன்னரே உறுதிசெய்துகொண்டால் இவ்விடர் நேராது.

6. அறிவிக்காத முரண்கள்

மேற்கண்டவற்றுள் ஃபேர்சீக் சான்று, முரண் தன்னைத் தானே அறிவிக்கும் வகை; பில்லோ சான்று, அறிவிக்காத வகை. முதல்வகை ஆய்வாளரின் நேரத்தைக் கவர்கிறது. இரண்டாம் வகை ஆய்வின் முடிவையே சிதைக்கிறது. தமிழ் உரை ஆய்வில் இரண்டாம் வகை மிகுதியும் காணப்படுவதற்குக் காரணம், பொது நிரலகங்கள் பலவும் தமிழ் எழுத்தமைப்பைக் கருதாத இயல்மதிப்புகளைக் கொண்டிருப்பதே.

பைத்தானின் உள்ளமைந்த வடிவத்தேடல் நிரலகத்தில், ‘சொல்லெழுத்து’ என்னும் வகை எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோட்டில் ‘இணைகுறி’ வகையைச் சார்ந்தவை. ஆதலின் அவை சொல்லின் எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. ‘தமிழ்’ என்னும் சொல் ‘தம’, ‘ழ’ என இரு துண்டுகளாகிறது. ரீஜெக்ஸ் என்னும் மாற்று நிரலகம் இணைகுறிகளையும் சொல்லின் உறுப்பாக ஏற்பதால் ‘தமிழ்’ முழுச்சொல்லாகவே கிடைக்கிறது. சார்பு முரணைத் தவிர்க்கும் பொருட்டு ஒருவர் ரீஜெக்ஸை நீக்கி உள்ளமைந்த நிரலகத்தை அழைப்பாராயின், நிரல் எவ்வகைப் பிழையும் அறிவிக்காது. சொல்லெண்ணிக்கை மட்டும் முற்றிலும் மாறிவிடும்.

சைக்கிட்-லேர்ன் என்னும் எந்திரக் கற்றல் நிரலகத்தின் சொல்லெண்ணிக் கருவியும் இவ்வியல்மதிப்பையே பயன்படுத்துகிறது. அத்துடன் இரண்டு எழுத்துக்குக் குறைந்த துண்டுகளை நீக்கியும் விடுகிறது. இதன்படி ‘கல்’, ‘கலி’, ‘கல்வி’ ஆகிய மூன்று சொற்களும் ‘கல’ என்னும் ஒரே வடிவமாகச் சுருங்கும். இவ்வெண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு நூலின் காலத்தையோ ஆசிரியரையோ கணிக்க முற்படும் ஆய்வு, தன் அடித்தளத்தையே இழந்துவிடுகிறது. சொல்வடிவ அமைப்பை ஆய்வாளர் தாமே குறித்துத் தருவதற்கு அக்கருவியில் இடமுண்டு. இயல்மதிப்பு இன்னதென்று அறிந்தவரே அவ்வாறு செய்ய இயலும்.

பதிப்பு வேறுபாட்டால் நேரும் அறிவிக்காத முரணுக்கு யூனிகோடு அட்டவணை தக்க சான்றாகும். 2019 மார்ச்சில் வெளிவந்த யூனிகோடு 12.0, தமிழ்ப் பின்ன எண்களும் அளவைக் குறிகளும் அடங்கிய 51 குறியீடுகளைத் ‘தமிழ் துணைத்தொகுதி’ என்னும் பெயரில் சேர்த்தது. முந்திரி என வழங்கும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு இவற்றுள் முதலாவது. பைத்தான் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட யூனிகோடு அட்டவணையைத் தன்னகத்தே கொண்டு வருகிறது. பைத்தான் 3.7இல் இருப்பது 11.0, 3.8இல் இருப்பது 12.1. ஆகவே முந்திரிக் குறி 3.7இல் ‘ஒதுக்கப்படாத இடம்’ என்றும், 3.8இல் 0.003125 மதிப்புடைய எண் என்றும் கொள்ளப்படும். கல்வெட்டு, நிலக்கணக்கு ஆவணங்களைக் கணினிப்படுத்தும் ஆய்வில், ஒதுக்கப்படாத குறியீடுகளைத் தூய்மைப்படுத்தும் நிரல் ஒன்று பழைய பைத்தானில் இயங்கினால், பின்னங்கள் அனைத்தும் சுவடின்றி மறையும்.

மொழிபெயர்ப்பு மாதிரிகளிலும் இவ்விடர் உண்டு. இன்டிக்டிரான்ஸ்2 உரையை மாதிரிக்குள் செலுத்தும் முன், இன்டிக் என்எல்பி நிரலகத்தின் துணையால் அதனைச் சீர்மைப்படுத்தித் தேவநாகரி வரிவடிவிற்கு மாற்றுகிறது. இந்திய மொழிகளின் பொதுக்கூறுகளை மாதிரி கற்றுக்கொள்ள இஃது உதவுகிறது. பயிற்சியின்போது எச்சீர்மை முறை கையாளப்பட்டதோ, பயன்பாட்டிலும் அதுவே கையாளப்படவேண்டும். அந்நிரலகம் வேறு பதிப்பாயின், அல்லது இப்படிநிலை விடுபடின், மாதிரி விடைதரத் தவறாது. ஆனால் விடையின் தரம் குன்றும்.

7. மேலாண்மை நெறிகள்

மேற்கண்ட முரண்களை எதிர்கொள்ள நடைமுறையில் உள்ள நெறிகளை ஐந்தாகத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, தனிமைப்படுத்தல். ஒவ்வோர் ஆய்வுத் திட்டத்திற்கும் தனி மெய்நிகர் சூழலை அமைத்துக்கொள்ளுதல் வேண்டும். ஒரு திட்டத்திற்குப் பழைய நம்ப்பையும் மற்றொன்றிற்குப் புதிய நம்ப்பையும் ஒரே கணினியில் இடரின்றி இயங்க இது வழிசெய்யும். பைத்தானின் பதிப்பையே மாற்றவேண்டிய நிலையில், கோண்டா போன்ற சூழல் மேலாளிகள் பயன்படும். இயங்குதளத்தின் துணை நிரலகங்களையும் சேர்த்துக் காக்க வேண்டின், டாக்கர் போன்ற கொள்கலன் முறை பொருந்தும்.

இரண்டாவது, அறிவிப்பையும் பூட்டையும் வேறுபடுத்துதல். ஆய்வாளர் தமக்கு வேண்டிய நேர்ச்சார்புகளையும் அவற்றின் ஏற்கத்தக்க பதிப்பு வரம்பையும் எழுதிவைப்பது அறிவிப்பு. தீர்வி கண்டறிந்த முழுத்தொகுதியையும், வழிச்சார்புகள் உட்பட, துல்லியமான பதிப்பெண்களோடு பதிவுசெய்வது பூட்டுக் கோப்பு. முன்னது நோக்கத்தைச் சொல்கிறது. பின்னது நிகழ்ந்ததைச் சொல்கிறது. பூட்டுக் கோப்பு மட்டும் இருப்பின் எது வேண்டியது, எது உடன்வந்தது என்று பிரித்தறிய முடியாது. அறிவிப்பு மட்டும் இருப்பின் பழைய நிலையை மீட்க முடியாது. ஆகவே இரண்டும் தேவை. பூட்டுக் கோப்புக்கான பொதுவடிவம் ஒன்றைப் பைத்தான் சமூகம் 2025 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது, வரம்புகளை அளவறிந்து இடுதல். பிறர் பயன்பாட்டுக்கென நிரலகம் எழுதுவோர், தம் சார்புகளை ஒரே பதிப்பெண்ணோடு இறுக்கிக் கட்டுவது அதனைப் பயன்படுத்துவோர்க்கு முரணை உண்டாக்கும். முடிவான ஆய்வு நிரலுக்குப் பூட்டு இன்றியமையாதது. பொது நிரலகத்திற்கு நெகிழ்ச்சி இன்றியமையாதது.

நான்காவது, தமிழ்ச் சோதனைத் தொகுதி. அறிவிக்காத முரணைப் பதிப்பெண்களைக் கொண்டு மட்டும் கண்டறிய இயலாது. விடை முன்னரே தெரிந்த சிறு உரையைக் கொண்டு சோதித்தல் வேண்டும். அத்தொகுதியில் குறைந்தது பின்வருவன இடம்பெறலாம். ‘தமிழ்’ என்னும் சொல்: யூனிகோடு குறியீடு ஐந்து, தமிழ் எழுத்து மூன்று, சொல் ஒன்று. இவற்றுள் நிரல் எதனை எண்ணுகிறது என்பது இதனால் விளங்கும். ஓப்பன்-தமிழ் நிரலகம் எழுத்து மூன்றெனப் பிரித்துத் தரும். ‘கொ’ என்னும் எழுத்து: ஒற்றைக் குறியாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதப்பட்ட இரு வடிவங்கள். சீர்மைக்குப் பின் இரண்டும் ஒன்றாதல் வேண்டும். ‘ஸ்ரீ’ என்னும் எழுத்து: ஸகரத்தாலும், 2005இல் யூனிகோட்டில் சேர்ந்த ஶகரத்தாலும் எழுதப்பட்ட இரு வடிவங்கள். இவை காட்சியில் ஒத்திருப்பினும் யூனிகோட்டின் பொதுச் சீர்மை இவற்றை ஒன்றாக்குவதில்லை. ஆய்வாளரே விதி வகுத்துக்கொள்ள வேண்டும். இவற்றுடன் முந்திரிக் குறியையும் சேர்த்துக்கொள்ளலாம். சூழலில் எம்மாற்றம் நிகழினும் முதலில் இத்தொகுதியை இயக்கிப் பார்ப்பது, பெருந்தரவில் பிழை புகுவதைத் தடுக்கும்.

ஐந்தாவது, காப்பகப்படுத்தல். பதிப்பெண்ணை அறிந்திருந்தும் அப்பதிப்பு கிடைக்காமற் போகலாம். பொது நிரல் கிடங்குகளிலிருந்து கிளையாகப் பிரித்து மாற்றியமைத்த நிரலகங்களைச் சார்ந்த ஆய்வுகளில் இவ்விடர் மிகுதி. அத்தகைய மூலநிரலின் படியொன்றை ஆய்வுத் தரவோடு சேர்த்து வைப்பதும், மூலநிரல்களைப் பாதுகாக்கும் சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் போன்ற பொதுக் காப்பகத்தில் இருப்பதை உறுதிசெய்வதும் நலம்.

8. ஆய்வேட்டில் இடம்பெற வேண்டியவை

இந்நெறிகள் மென்பொருள் வல்லுநர்க்கு மட்டும் உரியன எனக் கருதுதல் பொருந்தாது. எண்ணிக்கை வழி முடிவுகாணும் தமிழ் ஆய்வேடு எதிலும் பின்வரும் விவரங்களைப் பின்னிணைப்பாகத் தருதல் இயலும்: இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும், நிரல்மொழியின் பதிப்பும் அது கொண்டுள்ள யூனிகோடு அட்டவணையின் பதிப்பும், நேர்ச்சார்பு நிரலகங்களும் அவற்றின் பதிப்புகளும், இயல்மதிப்பை மாற்றியமைத்த இடங்கள், சொல், எழுத்து ஆகியன நிரலில் எவ்வாறு வரையறுக்கப்பட்டன என்னும் குறிப்பு, சோதனைத் தொகுதியின் விடைகள். முழுமையான பூட்டுக் கோப்பை மின்வடிவில் இணைக்கலாம். இவையனைத்தும் ஓரிரு பக்கங்களில் அடங்கிவிடும்.

நெறியாளர்க்கும் தேர்வாளர்க்கும் இப்பின்னிணைப்பு பெரிதும் உதவும். ஒரே நூலுக்கு இரு ஆய்வேடுகள் இருவேறு சொல்லெண்ணிக்கைகளைத் தரும்போது, வேறுபாடு மூலபாடத்தால் வந்ததா, சொற்பிரிப்புக் கொள்கையால் வந்ததா, நிரலகத்தால் வந்ததா என்று இன்று தீர்மானிக்க வழியில்லை. மூன்றாவது காரணத்தை விலக்கினால்தான் முதலிரண்டைப் பற்றிய புலமை விவாதம் பொருளுடையதாகும். மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் முதலியவற்றின் வாயிலாக மின்னுரைகள் எல்லோர்க்கும் கிடைக்கும் இக்காலத்தில், ஒருவர் கண்ட முடிவை மற்றொருவர் அதே உரையில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு முன்னெப்போதையும்விட மிகுந்துள்ளது. அவ்வாய்ப்பைப் பயனுடையதாக்குவது சூழற்பதிவே.

9. முடிவுரை

கூறுநிலை மென்பொருளில் நிரலக முரண் தவிர்க்க இயலாதது. நிரலகங்கள் பலரால், பல காலங்களில், வெவ்வேறு நோக்கங்களோடு எழுதப்படுவதே அதற்குக் காரணம். ஃபேர்சீக் சான்று, மாறாத நிரலும் சூழல் மாற்றத்தால் இயங்காமற் போவதைக் காட்டுகிறது. பில்லோ சான்று, பதிப்பெண் மட்டும் போதாது, கட்டுமான உள்ளமைவும் அறியப்படவேண்டும் என்பதை உணர்த்துகிறது. சொல்லெழுத்து வரையறையும் யூனிகோடு அட்டவணையும், பிழையறிவிப்பு எதுவுமின்றியே தமிழ் உரையின் ஆய்வு முடிவு மாறக்கூடும் என்பதைப் புலப்படுத்துகின்றன. இயங்காது நிற்கும் நிரல் ஆய்வாளரை எச்சரிக்கிறது. பிழைபட இயங்கும் நிரலோ எச்சரிப்பதில்லை. ஆகவே மேலாண்மையின் முதன்மை நோக்கம் நிரலை இயங்கச் செய்வதோடு அமையாது, அது முன்போலவே இயங்குகிறது என்பதை உறுதிசெய்வதாக இருத்தல் வேண்டும். பாடவேறுபாட்டைக் குறித்துவைத்த பதிப்பு மரபுக்கு உரிய தமிழ்ப் புலமை, கணினிவழி ஆய்விலும் அதே ஒழுங்கைக் கடைப்பிடித்தல் தகும்.